தரகு கொடுத்தால் பொறுப்பும் கைமாறுமா?

திருப்பதியிலோ சித்தூரிலோ வாழும் ஒரு மாணவர், ஜப்பானில் யாரோ ஒருவர் விற்பனைக்கு வைத்திருக்கும் போக்கிமான் அட்டை ஒன்றை வாங்க விரும்புகிறார் என்று கொள்வோம். விற்பவர் தம் நாட்டு முகவரிக்கு மட்டுமே அனுப்புவார். அந்நாட்டுக் கைபேசி எண் இல்லாதவர் அத்தகைய சந்தைகளில் கணக்குத் தொடங்குவதே அரிது. விற்பனைக் குறிப்பு முழுவதும் ஜப்பானிய மொழியில் இருக்கிறது. எனவே மாணவர் ஓர் இடைத்தரகு நிறுவனத்தை நாடுகிறார். நிறுவனம் தன் பெயரில் அட்டையை வாங்கித் தன் கிடங்கில் பெற்றுக்கொள்கிறது. வேறு பொருள்களோடு சேர்த்துக் கட்டி இந்தியாவுக்கு அனுப்புகிறது. இவற்றுக்குக் கட்டணம் பெறுகிறது. அட்டை வந்து சேர்ந்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. மூலை மடங்கி வந்தாலோ, போலியாக இருந்தாலோ, சுங்கத்தில் நின்றுபோனாலோ மாணவர் முதலில் சொல்வது இதுதான்: “தரகு கொடுத்துத்தானே வாங்கினேன்!”

இந்தச் சொற்றொடருக்குள் இருக்கும் நம்பிக்கை ஆராயத்தக்கது. தரகு வாங்குவதில் தவறில்லை. தரகு கொடுத்து வாங்குவதிலும் தவறில்லை. கட்டணத்தோடு பொறுப்பும் கைமாறிவிட்டது என்று கருதுவதில்தான் பிழை இருக்கிறது. இடைத்தரகர் ஏற்பது கொள்முதல் என்னும் செயலை மட்டுமே. பொருளைப் பற்றிய தீர்ப்பும், அது இந்திய எல்லைக்குள் நுழைவதற்கான சட்டப் பொறுப்பும் பெரும்பாலும் வாங்குபவரிடமே தங்கிவிடுகின்றன. இந்தப் பிரிவினையை அறியாமல் வாங்குபவர், தாம் எதற்குப் பணம் கொடுத்தார் என்பதையே அறியாதவர் ஆகிறார்.

முதலில் இந்தப் பொருளைப் பற்றிச் சில சொற்கள். விளையாடவும் சேகரிக்கவும் மாற்றிக்கொள்ளவும் உரிய அட்டைகளின் இன்றைய வடிவம் 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்த ‘மேஜிக்: தி கேதரிங்’ விளையாட்டோடு தொடங்கியது. போக்கிமான் அட்டைகள் 1996 அக்டோபரில் ஜப்பானில் வெளிவந்தன. அவற்றின் ஆங்கிலப் பதிப்பு 1999இல்தான் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. இந்த இடைவெளியே சேகரிப்பாளரின் பார்வையை இன்றும் ஜப்பானின் பக்கம் திருப்பி வைத்திருக்கிறது. முதலில் அச்சாவது அங்கே. அந்நாட்டுக்கு மட்டுமே உரிய பதிப்புகளும் பரிசு அட்டைகளும் இருப்பதும் அங்கே. 1998இல் ஜப்பானியச் சிறுவர் இதழொன்றின் ஓவியப் போட்டிகளில் வென்றவர்களுக்கு வழங்கப்பட்ட ‘பிக்காச்சு இல்லஸ்ட்ரேட்டர்’ அட்டையின் ஒரு படியை, அமெரிக்க யூடியூபர் லோகன் பால் 2021இல் 52.75 இலட்சம் டாலர் மதிப்பில் வாங்கினார். அது கின்னஸ் பதிவேட்டிலும் ஏறியது. நூறு ரூபாய் அட்டையைத் தேடும் மாணவருக்கும் அந்த வணிகத்துக்கும் எட்டாத தொலைவு. ஆனால் இருவரும் நம்பியிருக்கும் ஏற்பாடு ஒன்றே: நேரில் பாராத பொருளை, அறிமுகமில்லாத ஒருவரிடமிருந்து, மூன்றாமவர் ஒருவரின் சொல்லை நம்பி வாங்குவது.

இடைத்தரகர் என்றாலே உறிஞ்சிப் பிழைப்பவர் என்னும் எண்ணம் சித்தூர் வட்டாரத்தில் வேரூன்றியது. அதற்குக் காரணமும் உண்டு. 2025 கோடையில் தோதாப்புரி மாங்காயின் விலை வீழ்ந்தபோது, கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயுமாக 12 ரூபாய் விவசாயிக்குக் கிடைக்கும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அறிவிப்பில் இருந்த தொகைக்கும் தோட்டக்காரரின் கைக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே அப்போது எழுந்த கேள்வி. திருப்பதியில் தரிசனச் சீட்டு வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களை நம்ப வேண்டாமென்று தேவஸ்தானம் பக்தர்களை ஓயாமல் எச்சரித்துவருகிறது. இவ்விரு ஊர்களிலும் வளர்ந்தவருக்குத் ‘தரகர்’ என்னும் சொல் காதில் விழும்போதே பை இறுகுவது இயல்பு.

எனினும் சொற்களைச் சற்று நின்று பார்த்தால் படம் மாறுகிறது. ‘தரகு’ தமிழில் பழைய சொல். சோழர் செப்பேடுகளின் வரிப்பட்டியல்களில் தறிப்புடவைக்கும் தட்டாரப்பாட்டத்துக்கும் அருகே அது இடம்பெறுகிறது. அரசு வரி விதித்தது என்றால் அத்தொழில் வெளிப்படையாக நடந்தது என்று பொருள். சித்தூரின் தெலுங்கில் வழங்கும் ‘தளாரி’ அரபு மூலத்திலிருந்து வந்தது. வழிகாட்டுதல் என்னும் பொருளுடைய வேரில் பிறந்தது. ஜப்பானியர் இச்சேவையைக் குறிக்க ஆளும் ‘தைக்கோ’ என்னும் சொல்லின் இரு பகுதிகளும் சேர்ந்து ‘பதிலாகச் செய்தல்’ என்று பொருள்படும். தமிழ்ச் சொல் கட்டணத்தின் பெயராகவும் வழங்குகிறது. அரபு வேர் வழியைக் காட்டுகிறது. ஜப்பானியச் சொல் ஒருவரின் இடத்தில் இன்னொருவர் நிற்பதைச் சொல்கிறது. தரகு கொடுத்த மாணவர் எதிர்பார்ப்பது மூன்றாவதை. அதாவது, தாம் அங்கே இருந்திருந்தால் எப்படி நடந்துகொண்டிருப்பாரோ அப்படியே தரகர் நடக்க வேண்டும் என்று. நிறுவனத்தின் விதிமுறைகள் தருவதோ பெரும்பாலும் முதலிரண்டை மட்டுமே.

அந்த முதலிரண்டும் அற்பமானவை என்று கருதக் கூடாது. முகவரி இல்லாதவருக்கு முகவரி கிடைக்கிறது. இந்திய வங்கி அட்டையை ஏற்காத விற்பனையாளருக்கு உள்நாட்டு நாணயத்தில் பணம் சென்று சேர்கிறது. ஐந்து விற்பனையாளரிடம் வாங்கிய ஐந்து சிறு பொதிகள் ஒன்றாகக் கட்டப்படுவதால் வான்வழிக் கட்டணம் குறைகிறது. இவ்வளவும் உண்மையான உழைப்பு. அதற்கு ஊதியம் கேட்பது நியாயம். சித்தூரில் இருந்துகொண்டு ஒசாக்காவில் ஒருவரின் வீட்டு மேசையில் கிடக்கும் அட்டையை வாங்க முடிகிறது என்றால், நடுவில் ஒருவர் நடந்திருக்கிறார்.

சிக்கல் தொடங்குமிடம் மொழி. விற்பனைக் குறிப்பை இயந்திரம் மொழிபெயர்த்துத் தருகிறது. இடைத்தரகு நிறுவனத்தின் பக்கத்திலேயே அது தமிழிலோ ஆங்கிலத்திலோ தோன்றுகிறது. சொற்கள் புரிந்துவிட்டன என்று மாணவர் நினைக்கிறார். ஆனால் பயன்படுத்திய பொருள்களின் சந்தைக்கு எந்த மொழியிலும் தனி வழக்கு உண்டு. தமிழில் வீட்டு விளம்பரத்தில் ‘நடந்து போகும் தூரம்’ என்பதைப் படிக்கும் உள்ளூர்க்காரர், யாருடைய கால்களுக்கு என்று கேட்டுக்கொள்வார். வெளியூர்க்காரர் அப்படியே நம்புவார். ஜப்பானிய அட்டைச் சந்தையின் வழக்கும் அத்தகையதே.

‘பிஹின்’ என்றால் அகராதிப்படி அழகிய பொருள். சந்தையில் அதற்குப் பொருள், பயன்படுத்திய பொருள் என்னும் அளவில் நல்ல நிலையில் உள்ளது என்பதே. புதியது என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ‘ஷிரோகக்கே’ என்றால் வெண்மை உதிர்வு: அட்டையின் பின்புற விளிம்பில் மை உரிந்து அடித்தாள் வெள்ளையாகத் தெரிவது. இயந்திரம் இதை ‘வெள்ளைக் குறை’ என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் அச்சுப் பிழை என்று எண்ணக்கூடும். ‘விளையாடுவதற்கு’ என்னும் குறிப்பு, சேகரிப்பவர் வாங்க வேண்டாம் என்னும் எச்சரிக்கை. ‘வீட்டில் வைத்திருந்தது’ என்பது பெருமை அன்று. கடைக்காரரைப் போலப் பாதுகாக்கவில்லை, சிறு குறைகளைப் பொறுத்துக்கொள்க என்னும் முன்னறிவிப்பு. ‘நுண்ணிய மனம் படைத்தவர்கள் தவிர்க்கவும்’ என்று மரியாதையாக எழுதப்படும் வரிக்கு, குறை கண்டு திருப்பியனுப்புபவர் இங்கே வர வேண்டாம் என்று பொருள்.

இன்னும் இரண்டு சொற்கள் பணத்தையே தின்பவை. பிரிக்காத பழைய உறைகளின் குறிப்பில் ‘சாச்சிஸுமி’ என்றிருந்தால் தேடி முடிக்கப்பட்டது என்று பொருள். மினுக்கு அட்டை உள்ள உறை சற்று எடை கூடுதலாக இருக்கும் என்பதால், நுண் தராசில் நிறுத்துப் பார்த்து அரியவை இருக்கக்கூடிய உறைகளை எடுத்துக்கொண்டு மீதியை விற்பார்கள். உறை பிரிக்கப்படவில்லை என்பது உண்மை. உள்ளே அதிர்ஷ்டம் மிஞ்சவில்லை என்பதும் உண்மை. ‘ஒரிப்பா’ என்பது விற்பவரே பல அட்டைகளைக் கலந்து கட்டிய பொட்டலம். வெளியீட்டு நிறுவனத்தின் உறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டிலும் விற்பவர் பொய் சொல்லவில்லை. தம் மொழி பேசுவோருக்குப் புரியும்படி சொல்லிவிட்டார். இடைத்தரகரும் பொய் சொல்லவில்லை. சொன்ன பொருளை வாங்கிக் கொடுத்துவிட்டார். இழந்தவர் ஒருவர் இருக்கிறார். ஏமாற்றியவர் என்று சுட்ட ஒருவரும் இல்லை.

ஏல அறிவிப்புகளில் அடிக்கடி வரும் ‘நோ குரேமு, நோ ரித்தான்’ என்னும் தொடரும் கவனத்துக்குரியது. ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியம் ஏற்றுத் திரித்துக்கொண்ட தொடர் இது: முறையீடும் இல்லை, திருப்பியனுப்பலும் இல்லை. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட ஜப்பானிய உரிமையியல் சட்டத்தின் 572ஆம் பிரிவு, பொறுப்பேற்க மாட்டேன் என்று விற்பவர் முன்கூட்டியே சொல்லியிருந்தாலும், தமக்குத் தெரிந்தே மறைத்த குறைக்கு அவர் தப்ப முடியாது என்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியவர் யார்? விற்பவருடைய ஒப்பந்தத்தில் மறுபுறம் நிற்பவர். அவர் இடைத்தரகு நிறுவனம். பொருளின் நிலை பற்றிய தகராறில் நாங்கள் தலையிட மாட்டோம் என்று நிறுவனத்தின் விதிமுறை சொல்லுமானால், உரிமை உள்ளவருக்கு அக்கறை இல்லை. அக்கறை உள்ளவருக்கு உரிமை இல்லை.

காலமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஜப்பானின் மெர்காரி போன்ற சந்தைகளில், வாங்குபவர் பொருளைப் பெற்றுச் சரிபார்த்து மதிப்பீடு அளித்த பிறகே விற்பவருக்குப் பணம் விடுவிக்கப்படும். நல்ல பாதுகாப்பு. ஆனால் இங்கே வாங்குபவராக நிற்பது கிடங்கு. பொதி கிடங்குக்கு வந்ததும், பெறப்பட்டது என்று பதிவாகிறது, பணம் விடுவிக்கப்படுகிறது, தகராறுக்கான கதவு சாத்தப்படுகிறது. அட்டையை உண்மையில் வேண்டியவர் அதைக் கண்ணால் காண இன்னும் பல நாள்கள், சில வேளை பல வாரங்கள் இருக்கின்றன. சரிபார்ப்பு என்னும் உரிமை, சரிபார்க்கத் தெரியாத ஒருவரின் கையில் ஒரு கணம் இருந்து மறைந்துவிடுகிறது. கூடுதல் கட்டணத்துக்குப் படம் எடுத்து அனுப்பும் வசதியைச் சில நிறுவனங்கள் தருகின்றன. அந்தச் சிறு தொகையை மிச்சப்படுத்துபவர் தம் கண்ணையே விற்றுவிடுகிறார் என்று சொன்னால் மிகையாகாது.

சான்றளிப்பவர் ஒருவரை இடையில் நிறுத்தினால் போதும் என்னும் வாதமும் உண்டு. லோகன் பாலையே மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். முதற்பதிப்புப் போக்கிமான் அட்டைகள் என்று சான்றளிக்கப்பட்ட ஒரு முத்திரைப் பெட்டியை அவர் 35 இலட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார். 2022 ஜனவரியில் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தவை வேறொரு பொம்மைத் தொடரின் அட்டைகள். சான்று வெளிப்பெட்டியைப் பார்த்துத் தரப்பட்டது. உள்ளே இருப்பதைப் பார்த்து அன்று. இடையில் நிற்பவர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று கேட்பது சிறு வணிகத்துக்கும் பெரு வணிகத்துக்கும் பொதுவான கடமை.

அடுத்து இந்திய எல்லை. இங்கேதான் பொறுப்பு கைமாறுவதே இல்லை என்பது ஐயத்துக்கிடமின்றித் தெளிவாகிறது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 2017இல் ஒரு கருத்தாக்கம் சேர்க்கப்பட்டது: பயன்பெறும் உரிமையாளர். எவர் சார்பில் பொருள் இறக்குமதியாகிறதோ அவரே பயன்பெறும் உரிமையாளர். ‘இறக்குமதியாளர்’ என்னும் சொல்லின் வரையறைக்குள் அவரும் அடங்குவார். பொதியை அனுப்பியவர், கட்டியவர், விலைப்பட்டியல் எழுதியவர் எவராயினும், திருப்பதி விடுதி அறையில் அதைப் பிரிக்கப்போகும் மாணவரைச் சட்டம் கண்டுகொள்கிறது. மதிப்பு தவறாகக் காட்டப்பட்டால் அச்சட்டத்தின் 111ஆம் பிரிவின்படி பொருள் பறிமுதலுக்கு உள்ளாகலாம். 112ஆம் பிரிவின்படி அபராதமும் வரலாம்.

இதை அறியாமல் பரவியிருக்கும் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, பொதியின் மேல் ‘பரிசு’ என்று எழுதச் சொல்வது. 2019 டிசம்பரில் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் வெளியிட்ட அறிவிக்கை, பரிசு என்று கூறித் தீர்வையின்றி விடுவிக்கக் கோரி அஞ்சலிலும் கூரியரிலும் வரும் பொருள்களைத் தடைசெய்தது. இணையத்தில் வாங்கியவையும் அதில் அடங்கும். உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக்கும் மட்டுமே விலக்கு. முழுத் தீர்வை செலுத்தினால் பரிசும் வரலாம். ஆனால் அப்போது அப்படி எழுதுவதால் கிடைக்கும் ஆதாயம் ஏதுமில்லை. காசு கொடுத்து வாங்கிய அட்டையைப் பரிசு என்பது சலுகையும் தராது, மெய்யும் ஆகாது.

மற்றொன்று, விலையைக் குறைத்து எழுதச் சொல்வது. தனிப்பட்ட பயன்பாட்டுக்காக அஞ்சலில் வருபவை சுங்க அட்டவணையின் 9804ஆம் தலைப்பில் வகைப்படுத்தப்படுகின்றன. விகிதம் நிதிநிலை அறிக்கைக்கு நிதிநிலை அறிக்கை மாறக்கூடியது. பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைமீது தீர்வை கணக்கிடப்படுகிறது. ஆகவே தீர்வை கனமாகத் தோன்றுவது உண்மை. ஆனால் 4,000 யென் அட்டையை 400 யென் என்று எழுதச் சொன்னவர், பொதி தொலைந்தால் 400 யென்னுக்கு மேல் இழப்பீடு கேட்க வாயில்லாதவர் ஆகிறார். தம் இழப்புக்குத் தாமே முன்கூட்டி எல்லை வகுத்துக்கொண்டார்.

இங்கே பலரும் அறியாத நன்மை ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளில் 10ஆம் விதி, தரகுத் தொகைகளைப் பொருளின் மதிப்போடு சேர்க்கச் சொல்கிறது. ஆனால் கொள்முதல் தரகுக்கு விலக்களிக்கிறது. அதாவது, வாங்குபவரின் சார்பில் வெளிநாட்டில் நின்று வாங்கிக் கொடுப்பவருக்கு வாங்குபவர் தரும் ஊதியம் தீர்வைக்குரிய மதிப்பில் சேராது. உலக வணிக அமைப்பின் மதிப்பீட்டு ஒப்பந்தத்திலிருந்து வந்த கோட்பாடு இது. அட்டையின் விலை ஒரு வரியாகவும் தரகு மற்றொரு வரியாகவும் பிரித்து எழுதப்பட்ட பட்டியல் இருந்தால்தான் இவ்விலக்கைக் கோரவே வாய்ப்புண்டு. எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதிய பட்டியலில் தரகும் பொருளாகிவிடுகிறது. உண்மையான கணக்கு வாங்குபவருக்கே ஆதாயமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதுவரை சொன்னவை நிறுவனங்களைப் பற்றியவை. ஆய்வாளரும் மாணவரும் வாழும் வளாகங்களில் இன்னொரு வகை இடைத்தரகர் இருக்கிறார். அவரைத் தரகர் என்று யாரும் அழைப்பதில்லை. விடுதியில் பத்துப் பேர் சேர்ந்து ஒரே பொதியாக வரவழைத்தால் அனுப்பும் செலவு குறையும் என்று முடிவாகிறது. ஒருவருடைய கணக்கில் எல்லாரும் பணம் போடுகிறார்கள். அவர் நண்பர், கட்டணம் வாங்காதவர். பொதி வருகிறது, அல்லது வரத் தாமதமாகிறது. தீர்வை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகிறது. அதை அட்டையின் எண்ணிக்கைப்படி பகிர்வதா, விலைப்படி பகிர்வதா? ஒருவருடைய அட்டை மட்டும் மடங்கியிருந்தால் இழப்பு அவருடையதா, பத்துப் பேருடையதா? நாணய மாற்று விகிதத்தில் மிஞ்சிய தொகை யாருடையது? ஒன்றும் எழுதப்படவில்லை. ‘நம்மவர்தானே’ என்பதே ஒப்பந்தம்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த நண்பரையும் அறிந்தே எழுதப்பட்டதுபோல இருக்கிறது. முகவர் உறவு உருவாகக் கைம்மாறு எதுவும் தேவையில்லை என்று அதன் 185ஆம் பிரிவு சொல்கிறது. இலவசமாகச் செய்பவரும் முகவரே. கேட்டபோது கணக்குக் காட்டுவது அவருடைய கடமை என்று 213ஆம் பிரிவும், இக்கட்டு நேரும்போது முதல்வரைத் தொடர்புகொண்டு அவருடைய விருப்பத்தை அறிய முயல வேண்டும் என்று 214ஆம் பிரிவும் சொல்கின்றன. மறுபுறம், முறையாகச் செய்த செயல்களால் முகவருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்வது அவரை ஏவியவரின் கடமை என்கிறது 222ஆம் பிரிவு. பத்துப் பேரின் பொதிக்கும் தீர்வை கட்டிய நண்பர் அத்தொகையைக் கூச்சத்தோடு கேட்டுப் பெற வேண்டியதில்லை, அது அவருக்குரியது.

அதே சட்டத்தின் 230ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. முகவர் பொதுவாகத் தாம் செய்யும் ஒப்பந்தத்துக்குத் தாமே கட்டுப்பட்டவர் ஆகமாட்டார். ஆனால் வெளிநாட்டில் வாழும் வணிகருக்காகப் பொருளை வாங்கவோ விற்கவோ செய்யும் முகவர் தாமே கட்டுப்பட்டவர் என்று, மாறான உடன்பாடு இல்லாதவரை, கொள்ள வேண்டும் என்கிறது. கப்பலில் கடிதம் சென்ற காலத்துச் சட்டம் அது. கடலுக்கு அப்பால் இருப்பவரைப் பிடிக்க முடியாது. ஆகவே கண்ணெதிரே நிற்பவர் பொறுப்பேற்கட்டும் என்பதே அதன் அறிவு. இந்தச் சட்டம் ஜப்பானில் நடக்கும் ஒப்பந்தத்தை ஆளாது என்பது வெளிப்படை. ஆயினும் அது எழுப்பிய கேள்விக்கு 150 ஆண்டு கடந்தும் வயதாகவில்லை: தூரத்தில் இருப்பவருக்காக ஒருவர் வாங்கும்போது, தவறு நேர்ந்தால் எவர் முன்னால் நிற்பார்? இன்றைய விதிமுறைப் பக்கங்களில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொடுக்கும் ஒவ்வொருவரும் அக்கேள்விக்கு ‘நானே’ என்று விடையளித்துவிடுகிறார், கேள்வியைப் படிக்காமலேயே.

இது வெறும் பொழுதுபோக்கு, சில ஆயிரம் ரூபாய் வணிகம், இதற்கு ஏன் இத்தனை சட்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உதவித்தொகையில் வாழும் ஆய்வு மாணவருக்குச் சில ஆயிரம் ரூபாய் சிறு தொகை அன்று என்பது முதல் விடை. இரண்டாவது விடை அட்டைகளுக்கு அப்பாற்பட்டது. அயல்நாட்டில் மட்டும் கிடைக்கும் ஆய்வு நூல், பழைய இதழின் ஒரு மடல், கருவிக்கான சிறு உறுப்பு என்று வளாகத்தினர் வரவழைக்கும் பலவும் இதே வழியில்தான் வருகின்றன. அங்கே படிக்கும் ஒருவர் வாங்கி வைக்கிறார். விடுமுறையில் வரும் மற்றொருவர் பையில் கொண்டுவருகிறார். பயணியின் பைக்குரிய சலுகை அவருடைய சொந்த உடைமைகளுக்கானது என்பதையோ, கொண்டுவருபவருக்குத் தாம் சுமப்பது என்னவென்று தெரிய வேண்டும் என்பதையோ யாரும் பேசுவதில்லை. அட்டை வாங்கும்போது கற்காத ஒழுங்கை, அதைவிடப் பெரிய பொருளை வாங்கும்போது திடீரென்று கற்றுக்கொள்ள முடியாது.

உள்ளூரிலேயே வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று சிலர் சொல்வர். ஓரளவு சரி. இந்தியாவில் இருந்து விற்பவர் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு நேரடியாகக் கட்டுப்பட்டவர். குறை கண்டால் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். அவர் கேட்கும் கூடுதல் விலையில் ஒரு பகுதி இந்தப் பொறுப்புக்கான விலை என்று கண்டால், அது அவ்வளவு கூடுதலாகத் தோன்றாது. இந்திய நுகர்வோரை இலக்காக வைத்துத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு மின்வணிக நிறுவனங்களையும் 2020ஆம் ஆண்டின் விதிகள் தம் வரம்புக்குள் கொண்டுவருகின்றன. ஆனால் அயல்நாட்டில் பதிவான நிறுவனத்தின்மீது இங்கிருந்து ஆணை பெறுவதும் அதை நிறைவேற்றுவதும் வேறு வேறு. எனவே மலிவு எது என்று பார்ப்பவர், விலைக்கு எதிரே பொறுப்பையும் ஒரு பத்தியாக எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

வாங்குபவரின் பொறுப்பு அவருடைய பணத்தோடு முடிவதுமில்லை. 2025 ஆகஸ்டில் ஜப்பானின் மெக்டொனால்ட்ஸ் கடைகள் சிறுவர் உணவோடு போக்கிமான் அட்டை தந்தபோது, மறுவிற்பனைக்காக மொத்தமாக வாங்கியவர்கள் உணவை வீதியில் வீசிச் சென்றார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்த அட்டைகளை வாங்க உலகெங்கும் ஆள் இருந்ததால்தான் அவற்றை அப்படி அள்ளினார்கள். மறுவிற்பனையாளரும் இடைத்தரகரும் ஒருவர் அல்லர்: முன்னவர் தமக்காக வாங்கி விலையேற்றுகிறார், பின்னவர் பிறருக்காக வாங்கிக் கட்டணம் பெறுகிறார். ஆனால் இடைத்தரகர் வழியாக வாங்குபவர், எதிரில் விற்பவர் எவ்வகையினர் என்று பார்ப்பதே இல்லை. பதிலாள் ஒருவர் இருப்பதால் பார்க்க வேண்டிய தேவையும் மறந்துபோகிறது.

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. விற்பனைக் குறிப்பின் மூல வாசகத்தைப் படமாகச் சேமித்துக்கொள்வது. ஐயமுள்ள சொற்களை ஜப்பானியம் கற்ற ஒருவரிடம் காட்டுவது. கிடங்கில் எடுத்த படத்தை, பொதி புறப்படும் முன் கேட்டுப் பெறுவது. அட்டையின் விலை, உள்நாட்டு அஞ்சல், தரகு, வான்வழிக் கட்டணம் ஆகியவை தனித்தனி வரியாக உள்ள பட்டியலைக் கேட்பது. மெய்யான மதிப்பையே எழுதச் சொல்வது. விடுதியில் கூட்டாக வாங்கினால், பணம் போடும் முன்பே ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிக் கையொப்பமிடுவது: தீர்வை எந்த விகிதத்தில் பகிரப்படும், சேதம் யாரைச் சேரும், மிச்சம் யாருக்குத் திரும்பும்.

இந்த மூன்றாவது தாளை எழுதுவதற்குத்தான் பலரும் தயங்குவர். நண்பரிடம் கணக்குக் கேட்பது நம்பிக்கையின்மை என்னும் எண்ணம் ஆழமானது. ஆனால் பத்துப் பேரின் பணத்தைத் தன் கணக்கில் வைத்திருக்கும் அந்த நண்பரின் நிலையிலிருந்து பார்த்தால், எழுதிய தாள் அவருக்கே முதற் பாதுகாப்பு. பொதி வராத வாரங்களில் அவரைப் பார்க்கும் கண்கள் எப்படி மாறுகின்றன என்பது விடுதியில் வாழ்ந்தோர் அறிந்ததே. அடுத்த பருவத்தில் கூட்டாக வாங்கத் திட்டமிடும் குழுக்கள், யார் பெயரில் வாங்குவது என்று முடிவுசெய்வதற்கு முன், அந்த ஒரு தாளை எழுதிவிட்டு அவரிடம் பணத்தைக் கொடுக்கட்டும்.